சிப்பியும் ஓலையும் செல்போனும்: முத்துநகர் வீட்டுக் குறிப்புகள்

எங்கள் வீட்டில் கார்ட்டூன் பிரியம் மூன்று தலைமுறைக்கும் உண்டு. மகள் ஜப்பான் அனிமேயில் மூழ்கியிருப்பாள். நான் தம்பிமாரோடு உட்கார்ந்து சுட்டி டிவியில் டோரா பார்த்தவள். மாமியாருக்கு டாம் அண்ட் ஜெர்ரி ஓடினால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. பார்த்தால் மட்டும் ஆசை தீருமா? பிடித்ததை வரையணும், கையால் செய்யணும், போட்டோ எடுத்து சொந்தபந்தத்துக்கும் தோழிகளுக்கும் காட்டணும். கைவினைச் சாமான் கடையில் விலை கேட்ட அன்றே, வீட்டில் என்ன கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டோம். நம்ம தூத்துக்குடிப் பக்கம் கடல் சிப்பி தருகிறது, பனை ஓலை தருகிறது, உப்பளம் உப்பு தருகிறது, சிவகாசி காலண்டர் தருகிறது. காசு அதிகம் செலவழிக்காமல் நாங்கள் செய்து பார்த்து, சரியாக வந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

சிப்பி வேலை

1. கடற்கரையில் சங்கு கிடைத்ததும் பைக்குள் போட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் வைத்து இரண்டு நிமிடம் பொறுத்தால், உள்ளே துறவி நண்டு குடியிருந்தால் கால் வெளியே வரும். அதை அலை தொடும் இடத்திலேயே விட்டுவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொண்டுவாருங்கள். வீட்டில் நாற்றமும் இருக்காது, ஓர் உயிரை எடுத்த பாவமும் இருக்காது.

2. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை எவ்வளவு அழகாகக் கிடந்தாலும் எடுக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்தும் எதையும் கொண்டுவரக் கூடாது. மட்டிக் குழம்பு வைத்த அன்று மிஞ்சும் ஓடே ஒரு மாத வேலைக்குப் போதும்.

3. சிப்பியை நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். உப்பு முழுக்க இறங்காவிட்டால், பிறகு ஒட்டும் பசையும் பூசும் வர்ணமும் உரிந்து வந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்தால் பாசி போகும். காயவைப்பது நிழலில், வெயிலில் நிறம் வெளுக்கும்.

4. புளி, எலுமிச்சை, வினிகர் இவற்றைச் சிப்பிக்குக் காட்டவே காட்டாதீர்கள். சிப்பி ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது; புளிப்பு பட்டதும் நுரைத்துக் கரைந்து, மினுமினுப்பு போய்விடும். பித்தளைக்குச் செய்யும் வைத்தியம் இதற்கு ஆகாது.

5. மாலை கோக்க ஓட்டை போட டிரில்லிங் மெஷின் தேவையில்லை. சிப்பியின் கூனான முனையை ஈரமான சொரசொரப்புச் சிமெண்ட் தரையில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகச் சின்ன ஓட்டை விழும். தரை ஈரமாகவே இருக்கட்டும், சிப்பித் தூசி மூச்சில் போகக் கூடாது.

6. கோத்து முடித்த பிறகு ஒரு துளி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மங்கிய சிப்பியும் பளிச்சென்று ஆகிவிடும். எண்ணெய் கடைசி வேலையாக இருக்கட்டும். முதலிலேயே தடவினால் பசை பிடிக்காது.

7. நம்ம ஊர் உப்புக் காற்றில் இரும்புக் கம்பியும் கொக்கியும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தங்கூஸ் நரம்பில் கோத்தால் துருவும் பிடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. நைலான் முடிச்சு வழுக்கும் என்பதால் இரண்டு முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைத் தீக்குச்சியால் லேசாக உருக்கிவிடுங்கள்.

8. வாட்டர் கலர் கலக்கத் தட்டு வாங்காதீர்கள். உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் பெரிய சிப்பி ஏழெட்டு எடுத்து ஒரு தட்டில் அடுக்குங்கள். நிறம் உள்ளபடி தெரியும், ஒரு துடைப்பில் சுத்தமாகும். அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்களும் சிப்பியில் வர்ணம் வைத்திருந்தார்கள்.

9. பழைய முத்துமாலையைப் பிரித்து வேலை செய்யும்போது, ஒரு முத்தை முன்பல்லில் மெல்ல உரசிப் பாருங்கள்; நறநறவென்றால் முத்து, வழவழவென்றால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. நம்ம கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல், அதனால் ஆச்சி காலத்து முத்து இருந்தால் அது பொக்கிஷம். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கோத்துவிடுங்கள். நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும்.

ஓலை வேலை

10. காய்ந்த பனை ஓலையை அப்படியே மடித்தால் விண்டுவிடும். முந்தின நாள் ராத்திரியே ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் துணிபோல வளையும். மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பெட்டிகளைப் பார்த்தால் தெரியும், ஒரே அகலத்தில் வகிர்ந்த ஓலைதான் பாதி அழகு; அதனால் வகிரும் வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள்.

11. குருத்தோலை ஞாயிறுக்கு வந்த ஓலையில் பிள்ளைகள் சிலுவை முடைந்தது போக மிச்சத்தை வீணாக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போதே பூ, கிளி, மீன் என்று முடைந்து, கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் தட்டையாகக் காயும். ஒரு வருஷத்துக்கு வாழ்த்து அட்டையில் ஒட்டப் பூ தயார்.

12. ஓலைக்குச் சாயம் ஏற்ற வேண்டுமானால் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது போடுங்கள். ஆறிய தண்ணீரில் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். அதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள், பிறகு அதில் சமைக்கக் கூடாது. எங்கள் மைனி மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றே நிறத்தில் மகளுக்குப் பிடித்த மின்னல் எலி பிக்காச்சுவையே முடைந்துவிட்டார்.

13. உடன்குடிக் கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வெந்நீரில் பிழிந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் ஒரு நாள் வைத்தால் எறும்பு வராது. பிரஷ், கத்தரி, நூல்கண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். காற்றோட்டம் இருப்பதால் பூஞ்சையும் பிடிக்காது.

14. ஓலையிலிருந்து உரிக்கும் ஈர்க்கை ஒரு கட்டாகச் சேர்த்து வையுங்கள். நுனியைக் கல்லில் தட்டி நசுக்கினால் புள்ளி வைக்கும் பிரஷ், ஒடித்தால் பொம்மைக்குக் கை கால், குறுக்கே கட்டினால் நிழல் பொம்மைக்குக் கோல். பல் குத்தும் குச்சிப் பெட்டி வாங்கும் காசு மிச்சம்.

வரையும் வேலை

15. பிடித்த கார்ட்டூனைப் பெரிதாக வரைய, புதுச் சட்டை வரும் பிளாஸ்டிக் உறையில் ஸ்கெட்ச் பேனாவால் அரை அங்குலக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் படத்தின் மேல் வைத்து, தாளில் ஓரங்குலக் கட்டமாகப் போட்டு ஒவ்வொரு கட்டமாக வரைந்தால் படம் சரியாக இரண்டு மடங்காகும். மூலப் படத்தில் ஒரு கோடும் விழாது, உறையை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

16. பழைய மாதக் காலண்டரின் முதுகு வழவழப்பான நல்ல தாள். சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு வையுங்கள். படத்தையும் கிழிக்காமல் உற்றுப் பாருங்கள், துணி மடிப்பும் நகைப் பளபளப்பும் அதிலேயே பாடமாக இருக்கும். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு நாடகத் திரை எழுதியவர். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் காலண்டராக வீட்டுக்கு வீடு போயின.

17. நகலெடுக்க விளக்குப் பெட்டி வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மேலே கண்ணாடித் தட்டு வைத்து, அடியில் செல்போன் டார்ச்சைப் போடுங்கள். வெளிச்சம் ஓரிடத்தில் கூசினால், டார்ச்சின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் சீராகிவிடும்.

18. பிள்ளைகள் அனிமே முகத்தை அப்படியே நகலெடுத்துச் சலித்துவிட்டால், அந்தக் கதாபாத்திரத்தை நம்ம ஊருக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். முயல் தீவுக் கரையில் டோட்டோரோ, மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணியின் பாய்மரத்தில் டோராவின் குரங்கு, ரோச் பூங்காவில் டோரேமான் என்று எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க இருக்கிறது. பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பது இந்தப் படங்களைத்தான்.

19. ஆரஞ்சு நிற ஸ்கெட்ச் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகிறதா? காய்ந்த ஸ்கெட்ச் பேனாக்களை ஒரே நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு சின்னக் குப்பியிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு முனையைக் கவிழ்த்து ஒரு நாள் வையுங்கள். இறங்கும் சாயத்தை வாட்டர் கலராகப் பூசலாம்.

அசையும் படம்

20. முதல் அனிமேஷனுக்குச் செல்போன்கூட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி ஒரு பக்கம் மீன், மறுபக்கம் தலைகீழாகக் கண்ணாடித் தொட்டி வரைந்து, இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி முறுக்கி இழுங்கள். சுற்றும் வேகத்தில் மீன் தொட்டிக்குள் போய்விடும். மழை நாளில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

21. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களில் பின்பக்கம் வெறுமையாக உள்ளவற்றைச் சேர்த்து, ஒரு ஓரத்தில் கிளிப் போட்டால் புரட்டும் படப் புத்தகம் ஆகிவிடும். கடைசித் தாளிலிருந்து வரையத் தொடங்குங்கள். மேலே விழும் மெல்லிய தாளில் முந்தின படம் நிழலாகத் தெரியும், அதை ஒட்டிக் கொஞ்சம் நகர்த்தி வரைந்தால் போதும். 24 தாள் இருந்தால் ஒரு தோணி கரை சேர்ந்துவிடும்.

22. செல்போனில் பொம்மையை நகர்த்திப் படமெடுக்க ஸ்டாண்ட் வேண்டாம். அரிசிப் படியில் அரிசியைக் கொட்டி அதற்குள் போனைச் செருகி நிறுத்துங்கள், அசையவே அசையாது. போனைப் பாலிதீன் பையில் போட்டு, கேமரா கண் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து வைத்தால் தவிட்டுத் தூசி உள்ளே போகாது.

23. ஒவ்வொரு முறையும் திரையைத் தொட்டால் படம் குலுங்கும். வயர் வைத்த இயர்போனைச் செருகி அதன் சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பல போன்களில் அதுவே போட்டோ எடுக்கும். மின்விசிறியை நிறுத்தவும், பொம்மையின் காலடியில் சாக்பீஸ் குறி போடவும் மறக்காதீர்கள்.

24. வேலையில் இறங்கும் முன் கணக்குப் போட்டுக்கொண்டால் பாதியில் சோர்வு வராது. சினிமாவில் நொடிக்கு 24 படம், வீட்டுக்கு நொடிக்கு 12 போதும். பத்து நொடிக்கு 120 போட்டோ. கடலோரத் துறைமுக ஊரில் நடக்கும் அனிமே இயக்குநர் மியாசாகியின் போன்யோ (2008) படத்துக்குக் கையால் வரைந்தது சுமார் 1,70,000 ஓவியம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு 120 பெரிதாகத் தோன்றாது.

25. களிமண் பாக்கெட்டுக்குப் பதில் உப்பு மாவு பிசையுங்கள்: மைதா இரண்டு கப், பொடித்த உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப். உப்பு விளையும் ஊரில் இதைவிட மலிவான பொம்மை மாவு கிடையாது. ஈரத் துணியில் மூடி வைத்தால் அன்று முழுக்க மிருதுவாக இருக்கும். நாய், பூனை உள்ள வீடானால் அவை தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு உப்பு அவற்றுக்கு ஆகாது.

26. உப்பு மாவு பொம்மை காய்ந்தாலும் நம்ம கடல் காற்றில் மறுபடி கசியும். மூன்று நாள் நிழலில், பிறகு ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பூசிய வர்ணம் காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். அடிப்பாகத்தையும் விடாதீர்கள், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

27. வாசல் கோலமே நல்ல அனிமேஷன். புள்ளி வைத்ததும் ஒரு போட்டோ, ஒவ்வொரு இழைக்கும் ஒரு போட்டோ என்று மாடியிலிருந்து ஒரே இடத்தில் நின்று எடுத்து ஓட்டினால், கோலம் தானாக மலரும். சூரியன் ஏறும் முன் முடித்துவிடுங்கள், நிழல் நகர்ந்தால் படம் மின்னி மின்னித் தெரியும்.

வேஷமும் அட்டையும்

28. பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போட இன்று உலகமெங்கும் திருவிழா நடக்கிறது. நமக்கோ குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா இருக்கிறது. தசராவுக்குக் கிரீடம் கட்டுகிறவர்கள் கைவேலையைக் கூடவே நின்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது. பிள்ளையின் தலையை நூலால் அளந்து, இரண்டு விரல் சேர்த்து அட்டையை வெட்டி, உள்ளே பழைய துண்டை மடித்துத் தைத்தால் நெற்றி உறுத்தாது.

29. அட்டைக் கிரீடம், முகமூடிக்குப் பசையை வீட்டிலேயே காய்ச்சுங்கள். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கிளறினால் போதும். மயில்துத்தம் சேர்ப்பது பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டாம், அது விஷம். வேப்பிலை கொதித்த தண்ணீரில் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

30. மணி, ஜரிகை, ரிப்பன் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கப் பனிமய மாதா திருவிழாக் கடைகள் நல்ல சமயம். ஜூலை 26 கொடியேற்றம் அன்று விலை விசாரித்து வையுங்கள், ஆகஸ்ட் 5 முடிந்து கடை பிரிக்கும் நேரத்தில் வாங்குங்கள். மூட்டை கட்டிக்கொண்டு போவதைவிடக் குறைத்துக் கொடுப்பதே மேல் என்று கடைக்காரர்களும் இறங்கி வருவார்கள்.

போட்டோவும் பகிர்வும்

31. செய்த பொருளைப் படமெடுக்கக் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் சன்னல் ஓரம்தான் நல்ல இடம். நேர் வெயில் விழுந்தால் சன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளை சார்ட்டை நிறுத்தினால் நிழலும் இளகும். ஆடிக் காற்றில் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனால் படத்தைவிடப் பொருளைத் துரத்துவதே வேலையாகிவிடும்.

32. முத்துச்சிப்பியின் உள்பக்க வானவில் நிறம் போட்டோவில் வரவில்லையா? கறுப்புத் துணியில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சிப்பியை மெல்லத் திருப்புங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் எழும்பும் ஒரு கோணம் கட்டாயம் உண்டு. ஃபிளாஷ் போட்டால் வெறும் வெள்ளைதான் மிஞ்சும்.

33. பொருளின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து ஒரு படமாவது எடுங்கள். "எவ்வளவு பெரிசு அக்கா?" என்று பத்துப் பேர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு படமே பதில். தீப்பெட்டியின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

34. வாட்ஸ்அப்பில் ஓவியத்தைச் சாதாரணமாக அனுப்பினால் கோடு மங்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். ஸ்டேட்டஸில் வைத்தது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், நல்ல படங்களுக்கு போனில் தனி ஃபோல்டர் வைத்து மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

35. ரசிகர் ஓவியம் போடும்போது கதாபாத்திரத்தைப் படைத்தவர் பெயரையும் "வரைந்தது நான்" என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இன்னொருவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தால் அவரிடம் கேட்டு, அவர் பெயரையும் சொல்லுங்கள். பரிசாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. பிறர் கதாபாத்திரத்தைப் போட்டு விற்க உரிமையாளர் அனுமதி வேண்டும், நீங்களே படைத்த உருவத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

36. பிள்ளைகள் செய்ததைக் காட்டும்போது கையும் பொருளும் தெரிந்தால் போதும். பள்ளிச் சீருடை, வீட்டு நம்பர், தெருப் பலகை எதுவும் பின்னால் தெரியாதபடி ஒரு பாயை நிறுத்திவிட்டு எடுங்கள். பாயே நல்ல பின்னணியும் ஆகிவிடும்.

37. மக்ரூன் வாங்கி வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்பிப் பழகிய நமக்கு, உடையும் பொருளைக் கட்டுவது புதிதல்ல. சிப்பி பொம்மையைப் பழைய காட்டன் துணியில் சுற்றி, முட்டை அட்டைத் துண்டுக்குள் வைத்து, சுற்றிலும் கசக்கிய பேப்பரைத் திணியுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் இரண்டு பேப்பர்.

38. வரைந்த ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, வயது, என்ன பார்த்து வரைந்தது என்று பென்சிலால் ஒரு வரி எழுதிவையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தகரப் பெட்டியில் அடுக்கினால் உப்புக் காற்றிலும் தாள் நமுத்துப்போகாது. போன வாரம் பெட்டியைத் திறந்தோம். மகள் நாலு வயதில் வரைந்த டோராவுக்கு நாலு கால் இருந்தது, பின்னால் "ஆச்சி சொல்லி வரைந்தது" என்று என் எழுத்து. அதைத்தான் இந்த வாரம் எல்லோருக்கும் அனுப்பினோம்.